நேரே போகத் தெரியாத எங்கள் அப்பா

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, உங்களில் பலர் எங்கள் அப்பாவுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தவர்கள். அந்தத் தேத்தண்ணீரால் நான் பட்ட பாட்டை நீங்கள் அறியமாட்டீர்கள். அப்பாவின் நல்ல குணங்களைத் தங்கை தன் பங்குக்கு எழுதிவிட்டாள். மூத்தவளாகிய நான் மிச்சத்தை எழுதுகிறேன்.

அப்பா மன்னார்த் தீவின் பள்ளிமுனையில் கடற்றொழில் செய்யும் குடும்பமொன்றில் பிறந்தார். தகப்பனாரோடு சில காலம் கடலுக்குப் போனார். பிறகு படகு இயந்திரம் திருத்தப் பழகி, கரையோரம் முழுவதும் அறியப்பட்டார். அம்மாவைக் கண்டதும் அந்த வேலையால்தான். விடத்தல்தீவில் ஒரு படகைத் திருத்தப் போனவர், படகுக்காரரின் இளைய மகளைப் பார்த்துவிட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை மறுநாளும் போய்க் கழற்றினாராம். அம்மாவின் தமக்கையாகிய எங்கள் பெரியம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பா சிரித்தாரே தவிர மறுத்ததில்லை.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது யுத்தம் எங்களை ஊர் ஊராகத் துரத்தியது. யார் யாருடைய வீடுகளிலோ இருந்தோம். நறுவிலிக்குளத்தில் நெல் விதைக்கும் குடும்பமொன்று வீட்டின் நல்ல அறையை எங்களுக்கு விட்டுவிட்டு, தாங்கள் மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் படுத்தது. அவர்கள் சைவர்கள், நாங்கள் மாதா கோயிலில் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர்கள். அந்த வீட்டுக்காரரை இன்றைக்கும் மாமா என்றுதான் கூப்பிடுகிறோம்.

எல்லாம் ஓய்ந்து சொந்த வீட்டுக்குத் திரும்பிய பிறகு அப்பா ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். என் சோதனைக் காலம் அன்று தொடங்கியது. அதற்குப் பிறகு அவரும் அம்மாவும் எந்த இடத்துக்கும் நேரே போய்ச் சேர்ந்ததில்லை. தெரிந்த வீடு ஒன்றைத் தாண்டிப் போனால், அந்த வீட்டார் மோட்டார் சைக்கிளின் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்களாம், மனம் நோவார்களாம். போகிற வீட்டுக்கு வெறுங்கையோடு போகவும் கூடாது. அதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. கடற்கரை வீட்டுக்கு அரிசி, வயற்கரை வீட்டுக்குக் கருவாடு. ஆகவே விடத்தல்தீவுக்குப் புறப்பட்டால், அரிசி எடுக்க முதலில் நறுவிலிக்குளம் போவார்கள். அது நேர் எதிர்த் திசை. மன்னாரில் அரிசிக் கடையே இல்லையா என்று கேட்டால், கடையில் வாங்கிய அரிசியைக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுப்பதா என்பது போல அம்மா என்னைப் பார்ப்பார்.

என் மகனின் ஞானஸ்நானத்தன்று பங்குச் சுவாமி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிள்ளை கத்துகிறான். பேரனைக் கையில் ஏந்த வேண்டியவர் கோயில் வாசலில் நண்டுச் சாக்கோடு வந்து இறங்குகிறார்.

“எங்கயப்பா போனனீங்கள்?”

“வழியில ஒருக்கா எட்டிப் பாத்தனாங்கள், பிள்ளை.”

சாக்கில் இருந்தது விடத்தல்தீவுப் பெரியம்மா வீட்டு நண்டு. எங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்கு நடந்தே போகலாம். அந்த வழியில் விடத்தல்தீவு எப்படி வந்தது என்று கேட்டேன். அப்பா நண்டுச் சாக்கை என் கணவரிடம் கொடுத்துவிட்டுப் பேரனை வாங்கிக்கொண்டார். நான் எவ்வளவு ஏசினாலும் ‘எட்டிப் பாத்தனாங்கள்’ என்ற ஒரே பதில்தான் அவரிடம் இருந்தது.

பிறகு அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. யாழ்ப்பாணத்தில் பெரிய டொக்டர் ஒருவரிடம் நாள் எடுத்துக் கொடுத்தேன். மன்னாரில் பஸ் ஏறி நேரே போய் இறங்குங்கோ என்று தலையால் தண்ணீர் குடித்துச் சொன்னேன். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மோட்டார் சைக்கிளை, யாழ்ப்பாணப் பாதையிலேயே இருக்கும் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு அங்கே பஸ் ஏறலாம் என்று புறப்பட்டார்கள். வழி நெடுகத் தேத்தண்ணீர். பெரியம்மா வீட்டில் புட்டும் மீன் குழம்பும். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போய் இறங்கியபோது டொக்டர் எழும்பிப் போய்விட்டார். வேறொரு நாள் கொடுத்தார்கள். அந்த நாள் வருவதற்குள் அப்பா ஒரு விடியற்காலையில் நித்திரையிலேயே எங்களை விட்டுப் போனார். எல்லா இடத்துக்கும் பிந்திப் போனவர், இதற்கு மட்டும் முந்திவிட்டார்.

அதன் பிறகு அம்மா பூசைக்குத் தவிர வாசலைத் தாண்டவில்லை. துக்கம் காக்கிறார் என்று நாங்களும் விட்டுவிட்டோம். அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி நெருங்கியது. இதற்கெல்லாம் வீடு வீடாக நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அம்மா வர மறுத்தார். கெஞ்சினேன், ஏசினேன், கடைசியில் அழுதேன். அப்போதுதான் வாய் திறந்தார்.

“நான் தட்டாம இருந்திருந்தா அவர் நேரத்துக்குப் போய்ச் சேந்திருப்பார்.”

“என்னத்தத் தட்டினனீங்கள்?”

“அவற்ற தோளில. தெரிஞ்ச வீடு வர முன்னம் பின்னாலயிருந்து தட்டுவன். அவர் ஏன் எண்டும் கேக்கமாட்டார், நிப்பாட்டிப்போடுவார். அண்டைக்கும் நான்தான் தட்டினனான்.”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இத்தனை வருடமாக நிறுத்தச் சொன்னவர் ஒருவர், ஏச்சு வாங்கியவர் இன்னொருவர்! ஒரு நாளாவது “கொம்மாவைக் கேள்” என்று அந்த மனிதர் சொல்லியிருக்கலாம். சொல்லவே இல்லை. அந்த பஸ்ஸைப் பிடித்திருந்தால் அப்பா இன்றைக்கு இருந்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. டொக்டரிடம் கேட்டேன், அவராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் அம்மா தீர்ப்பு எழுதித் தன்னைத்தானே வீட்டுக்குள் அடைத்துவிட்டார். இதை எப்படி உடைப்பது என்று எனக்கு விளங்கவில்லை. ஆத்திரத்தில் ஒரு சொல் வந்தது.

“சரி, நீங்கள் வரவேண்டாம். நான் எல்லாருக்கும் போனில சொல்லிப்போட்டு விடுறன்.”

அம்மா எழும்பிவிட்டார். “போனிலயோ? அவற்ற பூசைக்குப் போனில சொல்லுறதோ?” என்று கேட்டபடியே சீலை மாற்றப் போனார்.

என் ஸ்கூட்டியில் புறப்பட்டோம். பாலத்தைக் கடந்து விடத்தல்தீவுப் பாதையில் ஏறினோம். அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். வீடுகள் போய்க்கொண்டே இருந்தன. எந்த வீட்டில் நிற்பது என்று எனக்கு எப்படித் தெரியும்? அப்பாவோடு நான் ஒரு நாளும் அந்தப் பாதையில் நின்று போனதில்லை.

“அம்மா, தட்டுறதெண்டாத் தட்டுங்கோ. எனக்கு வீடு தெரியாது.”

தட்டவில்லை. நான் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினேன். பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்து ஏசிவிட்டுப் போனான். வாழ்க்கையில் முதல் தடவையாக, யாராவது என்னை நிறுத்தச் சொல்லமாட்டார்களா என்றிருந்தது.

விடத்தல்தீவில் பெரியம்மா வீட்டுப் படலை வரை அப்படியேதான் போனோம். சத்தம் கேட்டு வெளியே வந்த பெரியம்மா, அம்மாவைக் கண்டதும் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்னில கோவத்திலதானே வராம இருந்தனீ? புட்டுச் சாப்பிட்டிட்டுப் போங்கோ எண்டு அண்டைக்கு மறிச்சது நான்தானே.”

“நீங்கள் என்னக்கா செய்வீங்கள்? கூட்டிக்கொண்டு வந்தது நான்.”

“நான் மறிக்காட்டி பஸ்ஸைப் பிடிச்சிருப்பார்.”

“நான் தட்டாட்டி இஞ்ச வந்தே இருக்கமாட்டார்.”

நடு முற்றத்தில் நின்று, பிழை யாருடையது என்று இரண்டு பேரும் சண்டை பிடித்தார்கள். விட்டுக்கொடுக்க ஒருவரும் தயாரில்லை. ஒரு வருடமாக இந்தக் கரையில் ஒருவரும் அந்தக் கரையில் ஒருவருமாக ஒரே பாரத்தைத் தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இதற்காகவாவது ஒருமுறை போனில் பேசியிருக்கக் கூடாதா? நான் வெயிலில் ஹெல்மெட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். அழுது முடித்துக் குசினிக்குள் போனால், புட்டு அவிந்துகொண்டிருந்தது.

பின்னேரம் ஒரு பை நண்டோடு திரும்பினோம். பாலத்துக்கு முன்னால் வரும் தள்ளாடிச் சந்தியில் வீட்டுப் பக்கம் திருப்பப் போனேன். தோளில் ஒரு தட்டு விழுந்தது.

“நறுவிலிக்குளம்,” என்றார் அம்மா.

“பொழுதுபடப்போகுதம்மா!”

“நண்டு பழுதாப்போகும், பிள்ளை.”

நான் வண்டியை மற்றப் பக்கம் திருப்பினேன்.

அப்பாவின் இறுதி நாட்களில் எங்களோடு நின்ற அயலவர்களுக்கும், சடங்குகளை நடத்தித் தந்த சுவாமிக்கும், அவரைத் தோளில் சுமந்த பள்ளிமுனைப் பிள்ளைகளுக்கும், கருவாடும் அரிசியும் தந்த அத்தனை வீடுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பாதையோர வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். அம்மாவும் நானும் வருவோம். எத்தனை மணிக்கு என்று கேட்காதீர்கள். அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருப்பதால் அவருடைய தேத்தண்ணீருக்குச் சீனி போடாதீர்கள். எனக்கு, அப்பாவுக்குப் போட்ட அளவு போடுங்கள்.