மாமா மண்ணுக்காக அழுத நாள்

மாமாவை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் நிற்பது அவர் இடுப்பில் கட்டியிருந்த கறுப்புக் கட்டம் போட்ட சாரம். மாமா என்றால் என் மனைவியின் வாப்பா. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை விரட்டியபோது மன்னார்ப் பக்கத்திலிருந்து உடுத்த உடுப்போடு வந்து, புத்தளம் கரைத்தீவில் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்த காலத்திலும் வெள்ளைச் சாரத்தை விடாத மனிதர். குடிக்கவே தண்ணீர் இல்லாத நாட்களிலும் அவருடைய சாரம் மட்டும் வெளுத்திருக்கும். அப்படிப்பட்டவர், யுத்தம் முடிந்து கொஞ்சக் காலத்தில், திடீரென்று கறுப்புச் சாரத்துக்கு மாறினார். ஏன் என்று கேட்டவர்களுக்கு, ஊர் திரும்பும் வரைக்கும் தனக்கு வெள்ளை இல்லை என்றார். அது சபதமாகப் பரவியது. இரண்டு பேர் தாங்களும் கறுப்புக்கு மாறினார்கள். சொட்டுச் சொட்டாக ஒழுகுகிற ஈரம் கறுப்பில் தெரியாது என்கிற சின்ன விஷயத்துக்காக ஒரு குடியிருப்பே கண்கலங்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அப்போது எனக்கும் விளங்கவில்லை. நானும் கண்கலங்கியவன்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைப் பெரிய புத்திசாலி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

நான் வேன் ஓட்டுகிறவன். இத்தனை வருடம் மனிதர்களை ஏற்றி இறக்கியதில் எனக்குச் சேர்ந்த அறிவு ஒன்றே ஒன்று. அறுபதைத் தாண்டிய ஆண்பிள்ளைக்கு வாயையும் அடக்க முடியாது, மற்றதையும் அடக்க முடியாது. ஆனால் அந்த வாயால் அந்த மற்றதைப் பற்றி மட்டும் ஒரு சொல் வராது. உலக அரசியல் வரும், பள்ளிவாசல் நிருவாகத்தின் ஊழல் வரும், பக்கத்து வீட்டுக்காரன் மகளுக்கு என்ன கொடுத்தான் என்பது வரும். மூத்திரம் மட்டும் வராது. வந்தாலும் சொல்ல மாட்டான், வராவிட்டாலும் சொல்ல மாட்டான்.

இந்தக் கலையில் மாமா பெரிய உஸ்தாது. ஊர் திரும்புவதற்காக எங்கள் ஆட்கள் வைத்திருந்த சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். கூட்டத்தில் எழும்பினால் மைக்கே நடுங்கும். "என்ட மையித்து அங்கட மண்ணுக்குள்ளதான் அடங்கும்" என்று அவர் சொல்லும்போது பெண்கள் பக்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும். பேச்சின் நடுவில் இரண்டு தடவை இறங்கிப் போவார். உணர்ச்சி தாங்காமல் போகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். திரும்பி வரும்போது அவருடைய முகம் கழுவியிருக்கும், கண் சிவந்திருக்கும். கைதட்டல் கூடும்.

யுத்தம் முடிந்தது, பாதை திறந்தது. மாமாவுக்கு அங்கே காட்டோரத்தில் மூன்று ஏக்கர் காணி, கல்லுக் கட்டிய கிணறு. உறுதிப் பத்திரம் எல்லாம் ஓடி வந்த அவதியில் போய்விட்டது. காணி அதிகாரிகள் ஒரு ஏற்பாடு சொன்னார்கள்: குறித்த நாளில் காணிக்காரர் நேரில் வந்து, தன் நிலத்தில் நின்று, எல்லையைக் காட்ட வேண்டும். அயலவர்கள் ஓம், அவருடையதுதான் என்று சாட்சி சொன்னால் பதிவார்கள். ஆள் வராவிட்டால் பதிவில்லை. இதில் விளங்காதது ஒன்றுமில்லை. முதல் நாள் வந்தது, மாமா போகவில்லை. எல்லாருக்கும் வீடு கிடைக்காமல் தான் மட்டும் போய்க் காணி காட்டுவது ஹராமுக்குச் சமம் என்றார். கைதட்டினோம். இரண்டாம் நாள் வந்தது. மிதிவெடி எடுத்து முடிந்ததா என்று எழுத்தில் தரட்டும், சனத்தின் உயிரோடு விளையாட மாட்டேன் என்றார். மறுபடியும் கைதட்டினோம். உண்மையில் அவர் பயந்தது மிதிவெடிக்கு அல்ல. பாதைக்கு. இலவன்குளத்தால் காட்டுக்குள் போகிற பாதையில் வாகனத்தை விட்டு இறங்க விடமாட்டார்கள், யானை. குண்டும் குழியும். இரண்டு மணித்தியாலம் ஒரே இருப்பு. அரை மணித்தியாலம் அடக்க முடியாத ஒரு மனிதருக்கு அது மறுமையில் நரகத்துக்கு மேலே கடக்க வேண்டிய சிராத்துப் பாலம்.

மூன்றாம் தவணைதான் கடைசி என்று அறிவித்தார்கள். என் மனைவி சோற்றுக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "இந்த முறையும் போகாட்டிக் காணி போயிரும். வாப்பாவத் தூக்கிப் போட்டெண்டாலும் கூட்டிட்டுப் போங்க." மாமாவுக்கு இனிச் சொல்லக் காரணம் இல்லை. சரி என்றார். முந்தின நாள் பின்னேரத்திலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. காலையில் தேத்தண்ணியும் தொடவில்லை. வேனில் கூட வந்த கடைக்கார ஹாஜியார் அதைக் கண்டு, "பாத்தீங்களா, மண்ண மிதிக்கிற வரைக்கும் நோன்பு" என்று என் காதில் சொன்னார். நான் ஊருக்குள் அதையும் இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டுத்தான் வேனை எடுத்தேன்.

மாமா முன் சீட்டில். பின்னால் ஹாஜியாரும், சாட்சி சொல்ல வந்த அயலவர் இரண்டு பேரும். கலா ஓயா ஆற்றைக் கடந்து காட்டுக்குள் நுழைந்ததும் மாமாவின் நெற்றி வியர்த்தது. உதடு முணுமுணுத்தது. ஒரு குழியில் வேன் விழுந்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. ஹாஜியார் என் தோளில் கை வைத்தார். "மெதுவாப் போங்க. இருவது வருசத்துக்குப் புறகு மனுசன் தன்ட காட்டப் பாக்கிறார்." நான் வானொலியை நிறுத்தினேன். வேகத்தைக் குறைத்தேன். பாலை மரத்தையும் வீரை மரத்தையும் அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று, அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், ஓர் இடத்தில் நத்தை போல ஊர்ந்தேன்.

மாமா பல்லைக் கடித்துக்கொண்டு, "மருமகன், கொஞ்சம் வேகமாப் போங்க" என்றார்.

"ஆச இருக்கட்டும் மாமா, அச்சு முறிஞ்சிரும்" என்று சொல்லி நான் சிரித்தேன். பின்னால் எல்லாரும் சிரித்து, பிறகு எல்லாரும் அழுதார்கள். அந்த வேனில் அன்று ஐந்து பேர் அழுதோம். நாலு பேர் மண்ணுக்காக.

காணியில் இறங்கியதும் அவர் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு போத்தல் தண்ணீரை எடுத்துக்கொண்டு நேரே போய் ஒரு பெரிய பாலை மரத்துக்குப் பின்னால் குந்தினார். நாங்கள் மரியாதையாக எட்டி நின்றோம். மண்ணைக் கையில் அள்ளுகிறார் என்றார் ஒருவர். ஹாஜியார் இரண்டு கையையும் ஏந்தித் துஆ ஓதத் தொடங்கினார். நாங்கள் ஆமீன் சொன்னோம். தொழுகிற திசையான கிப்லாவுக்கு முகத்தையும் காட்டாமல் முதுகையும் காட்டாமல், ஒழுங்காக வடக்குப் பார்த்துக் குந்தியிருக்கிற மனிதர் என்ன செய்துகொண்டிருப்பார் என்று, சுன்னத்துச் செய்த ஐந்து வயதுப் பையனுக்கும் விளங்கியிருக்கும். எங்களுக்கு விளங்கவில்லை. அரை மணித்தியாலம் ஆமீன் சொன்னோம்.

கடைசியில் நான்தான் போய்ப் பார்த்தேன். முகம் சாம்பல். போத்தல் திறக்கப்படவேயில்லை.

"மருமகன், வருகுதில்ல."

எது என்று கேட்டேன். இந்தக் கேள்விக்காக நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"காலையில இருந்து வருகுதில்ல. வயிறு வெடிக்கப் போகுது." என் கையைப் பிடித்தார். அந்த நிலையிலும் அடுத்த வசனம் இதுதான்: "ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க."

சொல்லவில்லை. நெஞ்சுவலி என்று கத்திக்கொண்டு அவரை வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஓர் இளம் டொக்டர் ஒரு மெல்லிய குழாயைப் போட்டார். பை நிறைந்துகொண்டே போனது. அப்போது மாமாவின் முகத்தில் வந்ததுதான் உண்மையான தாயக உணர்வு என்று நினைக்கிறேன். அதற்கு முன்போ பின்போ அப்படி ஒரு விடுதலையை நான் எந்த முகத்திலும் கண்டதில்லை. புரஸ்டேட் சுரப்பி வீங்கிப் பாதையை அடைத்துவிட்டது, வயதான ஆண்களுக்குச் சாதாரணமாக வருவது, முதலிலேயே காட்டியிருந்தால் குளிசை விழுங்குவதோடு போயிருக்கும், இப்போது சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும் என்றார் டொக்டர். எவ்வளவு காலமாகக் கஷ்டம் என்று கேட்டார். மாமா, "நேத்தில இருந்து" என்றார். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அந்த நேரத்தில் காணியில் அதிகாரி வந்திருக்கிறார். மண்ணைக் கண்ட அதிர்ச்சியில் மனிதருக்கு நெஞ்சு வெடித்துவிட்டது, பிழைப்பது சந்தேகம் என்று ஹாஜியார் விம்மி விம்மிச் சொல்லியிருக்கிறார். அதிகாரியும் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து நின்றுவிட்டு, ஆள் வரவில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பிறகொரு நாள் நான் தனியாகப் போய் அவரிடம் உண்மையைச் சொன்னேன். வெற்றிலைச் சாறு வழியும் வாயோடு அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சொல்லியிருந்தா அண்டைக்குப் பின்னேரமே திரும்பி வந்திருப்பன். என்ட அப்பாவுக்கும் அதே மூத்திர வருத்தம்தான்." காலம் கடந்துவிட்டது, பதிவு முடிந்து, கோப்பு மேலே போய்விட்டது. மூன்று ஏக்கர். கல்லுக் கட்டிய கிணறு. ஒரே ஒரு வசனத்துக்காக.

இனி மாமா திருந்தியிருப்பார் என்று நினைப்பீர்கள். அடுத்த கூட்டத்தில், தொடையில் கட்டிய பை கறுப்புச் சாரத்துக்குள் மறைந்திருக்க, காணி பறிபோனது திட்டமிட்ட சதி என்று முக்கால் மணித்தியாலம் பேசினார். நான் பின்னால் நின்று கைதட்டினேன். கொழும்பில் ஒப்பரேஷன் செய்யப் போனபோது ஊருக்குக் கண் ஒப்பரேஷன் என்று சொல்லிப் போனார். அதற்காக ஒரு மாதம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிந்தார். மழைக்கால இருட்டில் கண்ணாடியோடு தண்ணீர் ஓடும் கானில் விழுந்து கால் சுளுக்கியது. பிறகு பல வருடம் நன்றாக இருந்தார். கடைசியில் வேறு நோய் வருத்தத்தில் மௌத்தானார். மையித்து புத்தளத்தில்தான் அடங்கியது.

இவ்வளவு நேரம் அந்த மனிதரை ஏசுகிறேனே, என் கதையைச் சொல்கிறேன். எனக்கு இப்போது ஐம்பத்தாறு. ஐந்து மாதத்துக்கு முன்பு எனக்கும் தொடங்கியது. கக்கூசில் போய் நின்றால் நாடகம் தொடங்க நேரமெடுக்கும். தொடங்கினால் முடிய மனம் வராது. முதல் கிழமை போனில் தேடி வாசித்தேன். இரண்டாம் கிழமைக்குள் எனக்குப் புற்றுநோய் என்று நானே தீர்ப்பு எழுதி, மையித்து அடக்கும் மையவாடியில் வேப்பமரத்துக்குக் கீழே ஓர் இடமும் பார்த்துவிட்டேன். பழைய சண்டைக்காரர் மூன்று பேரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒருவன் எந்தச் சண்டை என்று கேட்டு, நான் ஞாபகப்படுத்த, மறுபடியும் சண்டை பிடித்தான். நெருஞ்சி முள்ளை அவித்துக் குடித்தேன், பார்லி குடித்தேன். எங்கள் ஆட்கள் காணாத இடமென்று சிலாபத்துக்குப் போய் ஒரு டொக்டரிடம் காட்டினேன். அவர் நல்ல மனிதர். விரலால் சோதிக்க வேண்டும், ஒரு நிமிஷம்தான் என்றார். வில்பத்துக் காட்டில் தனி யானைக்கு முன்னால் வேனை நிறுத்தி வெற்றிலை போட்டவன் நான்; ஒரு விரலுக்குப் பயந்து, வேனைப் பூட்டினேனா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கி, வீட்டுக்கே வந்துவிட்டேன். அவர் தந்த இரத்தப் பரிசோதனைத் துண்டு நாலு கிழமையாகப் பேர்சுக்குள் கிடந்து மடிப்பில் கிழியத் தொடங்கியது. கெட்ட வருத்தமாக இருந்தால் ஒவ்வொரு நாளும் கணக்கு என்று எனக்குத் தெரியும். பெருநாள் முடியட்டும் என்றேன். நெல் வெட்டு முடியட்டும் என்றேன். எனக்கு வயலே கிடையாது.

ஓடும்போது ஒரு தந்திரமும் கண்டுபிடித்திருந்தேன். முட்டினால் வேனை ஓரம்கட்டுவேன். டயர் பார்க்கிறேன் என்று இறங்கி ஒரு பற்றைக்குப் பின்னால் போய் வருவேன். இவ்வளவு பொறுப்பான ட்ரைவர் மாவட்டத்திலேயே இல்லை என்று பேர் பரவி, ஹயருக்குக் கூப்பிடுகிறவர்கள் கூடினார்கள்.

போன மாதம் மன்னாருக்கு ஒரு கலியாணம். சுற்றுப் பாதையால் போனோம். வேன் நிறைய அறுபதும் எழுபதும். மதவாச்சி தாண்டி மூன்றாம் தடவையாக டயர் பார்க்க நிறுத்தினேன். முன் சீட்டில் இருந்த ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், வியர்த்த முகத்தோடு தானும் இறங்கினார். "நல்லாப் பாருங்க மகன், அவசரமில்ல. நானும் அந்தப் பக்க டயரப் பாக்கிறன்." பல்லைக் கடித்துப் பேசுகிற மனிதரின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்டுச் சிரித்தவன் நான். இரண்டு ஆண்பிள்ளைகள், நூற்றிருபத்தைந்து வயது, ஆளுக்கொரு டயருக்கு முன்னால் குனிந்து நிற்கிறோம். எனக்கு என்மேல் அப்படி ஓர் அருவருப்பு வந்தது.

நிமிர்ந்து, வேன் கதவைத் திறந்து, உள்ளே பார்த்துச் சொன்னேன். "டயருக்கு ஒண்டுமில்ல. எனக்கு மூத்திரம். நாலு மாசமா அடக்க ஏலாது, ஒழுங்கா வாறதுமில்ல. நாளைக்கு ரத்தம் சோதிக்கக் குடுக்கப் போறன். உங்களுக்கும் இருந்தா இறங்குங்க, நான் நிக்கிறன்."

ஒருவர் இருமினார். பிறகு பின் வரிசையில் ஒரு சீட் கிறீச்சிட்டது. ஒவ்வொருவராக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், தண்ணீர்ப் போத்தலோடு எட்டுப் பேர் இறங்கினார்கள். பத்துப் பத்துக் காலடி விட்டு, ஆளுக்கொரு பற்றை. வீதியால் போன பஸ்காரன் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனான். நீண்ட நேரம் எடுத்தது. யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை.

அதிபர் கடைசியாக வந்தார். கை கழுவிய ஈரத்தைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, வீதியைப் பார்த்தபடியே கேட்டார். "நாளைக்கு எத்தன மணிக்குப் போறீங்க?"

ஆறரைக்கு என்றேன்.

"வேன்ல இடமிருக்கா?"

"இருக்கு சேர். தண்ணி குடிச்சிட்டே வாங்க. வழியில நிப்பாட்டுறன்."