மல்லிகா நிறுத்திவைத்த சேர்வர்

பேராதனை ஆஸ்பத்திரியிலிருந்து மல்லிகாவின் கணவர் அழைத்தபோது நான் அலுவலகப் படியேறிக்கொண்டிருந்தேன். "போயிட்டாங்க சிவா" என்றார்.

அவரை நினைவுகூரக் கூடியிருக்கும் உங்களுக்குத் தெரியும், கண்டியில் தேயிலைத் தோட்டக் குடும்பங்களுக்குச் சட்ட உதவி செய்யும் நம் அலுவலகத்தின் கணினிகளை மல்லிகாவும் நானும்தான் பார்த்துக்கொண்டோம். மல்லிகா ஹேவாஹெட்டப் பக்கம் பிறந்தவர். பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அலுவலகத்தின் சொந்தச் சேமிப்புக் கணினியான சேர்வரிலேயே வைக்க வேண்டும் என்று வாதாடி வென்றவர் அவர். "நம்ம சனங்களோட பத்திரம் நம்ம கையில இருக்கட்டும்" என்பார்.

ஆட்கள் கூடக் கூட அந்தச் சேர்வர் திணறியது. எந்தக் கோப்பு யாருடையது, எங்கே இருக்கிறது என்ற விவரமெல்லாம் ஒரு சிறிய தரவுத்தளத்தில் இருந்தது. பலர் ஒரே நேரத்தில் பதிவேற்றினால் அது பூட்டிக்கொள்ளும். அதைப் பெரிய தரவுத்தளத்துக்கு மாற்றும்வரை சேர்வரை நிறுத்திவைக்க மல்லிகா அனுமதி கேட்டார். பணிப்பாளர் தயங்கினார். "வழக்கு விசாரணை நெருங்குது மல்லிகா, பத்திரமெல்லாம் தேவைப்படும். ஓடிக்கிட்டிருக்கும்போதே மாத்த முடியாதா?"

"முடியாது சேர். நடுவுல ஒருத்தர் பதிஞ்சா பாதி அங்க, பாதி இங்க கிடக்கும். சனிக்கிழமை மூடுவோம். யாராவது கேட்டா நான் பதில் சொல்றேன்."

மூடினோம். மாற்றி முடித்துத் திறந்தால், தமிழில் பெயரிட்ட கோப்புகளெல்லாம் வெறும் கேள்விக்குறிகளாக நின்றன. "எல்லாம் போச்சா?" என்றேன். மல்லிகா சிரித்தேவிட்டார். "ஏன் சிவா பயப்படுறீங்க? பழசைத் தொடவே இல்லையே. வாங்க, டீ குடிச்சிட்டு வருவோம்." வந்ததும் புதியதை அழித்தார், தமிழ் எழுத்தை ஏற்கும்படி அமைத்து மறுபடி தொடங்கினார். மாலைக்குள் பெயர்கள் சரியாக வந்தன. அப்போதும் அவர் நம்பவில்லை. திங்கட்கிழமை உங்களில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, அவரவர் கோப்பைத் திறந்து பார்க்கச் சொன்னது நினைவிருக்கும்.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்குச் சற்று முன்பு சேர்வரின் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்தது. "இதை நீங்க செய்யுங்க" என்று பக்கத்துக் கதிரையில் கைகட்டி உட்கார்ந்தார். தடுமாறிய இடங்களில் நான் திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நானே முடித்தேன். "சரி, இனி நான் நிம்மதியா போவேன்" என்று பையை எடுத்துக்கொண்டார்.

மரண வீட்டிலிருந்து திரும்பும் வழியில் பணிப்பாளர் மெதுவாகக் கேட்டார்: "இனி சேர்வரை யாரு பாக்கிறது?"

"நான் பாத்துக்கிறேன் சேர்" என்றேன். யோசிக்காமல் வந்த பதில். அந்தக் குரலில் இருந்த உறுதி மல்லிகாவுடையது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான்.