எம்.எஸ். வாங்கியவள்

அந்தக் கேக் கடையில் அவளை எல்லோரும் ஒற்று என்றே கூப்பிட்டார்கள். கேக்கின் மேல் க்ரீமால் எழுதுவது அவள் வேலை. 'வாழ்த்துக்கள்' என்று எழுதச் சொல்லி யார் தலைகீழாக நின்றாலும் நடுவில் வரும் 'க்'கை மட்டும் போடமாட்டாள். தின்று தீர்க்கப்போகிற எழுத்துக்கு இலக்கணம் பார்த்த ஆள் அவள்.

இருபத்து நான்கு வயதில் அவளுடைய வலது கை மரத்துப்போனது. தூங்கி எழுந்ததுமே தூக்கம் வரும் அளவுக்குக் களைப்பு வேறு. ஸ்கேன் பார்த்த நரம்பு மருத்துவர், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். என்றார். உடம்பின் காவல்படையே ஆள் தெரியாமல் சொந்த நரம்புகளின் உறையைக் கடித்துவைக்கிற நோய். முழுசாகப் போகாது, மருந்தால் கட்டுக்குள் வைக்கலாம், சூடு மட்டும் ஆகாது என்றார். அவள் நின்று எழுதிய இடமோ ஓவனுக்குப் பக்கத்தில்.

முதலாளியிடம் அவள் மூச்சு விடவில்லை. தெரிந்தால் க்ரீம் பையைப் பிடுங்கிக்கொண்டு அட்டைப்பெட்டி மடிக்க அனுப்பிவிடுவார். பெட்டி மடிப்பது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் அதில் எழுத்து இல்லை.

அவள் இப்படிக் கட்டிக்காத்த ரகசியத்தை அம்மா போனில் சித்தியிடம் அவிழ்த்தாள். "அவளுக்கு எம்.எஸ்.னு சொல்லிட்டாங்கடி" என்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சித்தி அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டாள். "எனக்கு அப்பவே தெரியும்க்கா, அவ கெட்டிக்காரி!" என்று போனை வைத்தாள். யார் பேசினாலும் பாதிவரைதான் கேட்பாள். மீதியைத் தானே தயாரித்துக்கொள்வாள்.

மறுநாள் முதலாளி தொங்கிப்போன முகத்துடன் வந்தார். "சாக்லேட் கேக் ஒண்ணு. 'எம்.எஸ். வாங்கிய எங்கள் கண்மணிக்கு வாழ்த்துக்கள்'னு எழுதணுமாம். ஆர்டர் குடுத்தது உங்க சித்தி. ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

ரகசியம் வெளியாகிவிட்டது என்று ஒற்று க்ரீம் பையைக் கீழே வைத்தாள்.

"இவ்ளோ பெரிய படிப்பு படிச்சவ இனிமே இங்க எதுக்கு இருப்ப? எதிர்க்கடைக்காரன் கூப்பிட்டானா?"

"ஐயோ, இல்ல சார்..."

"ஏசி ரூம்ல நாற்காலி போடறேன். உக்காந்தே எழுது. போயிடாதம்மா."

நின்று எழுதினால்தான் எழுத்து நிமிர்ந்து நிற்கும் என்பது அதுவரை அவர் கொள்கை. நோயை மறைத்தபோது கிடைக்காத நாற்காலி, இல்லாத பட்டத்துக்குக் கிடைத்தது.

குளிர்ந்த அறையில் உட்கார்ந்து எழுதினாள். வளைவுகளைக் கண்ணைக் கொண்டு ஓட்டிவிடலாம், புள்ளிதான் வில்லங்கம். பையை அமுக்கி, சட்டென்று விட்டுத் தூக்க வேண்டும். எவ்வளவு அமுக்குகிறோம் என்பது மரத்த விரலுக்குத் தெரியாது. அவளுக்கென்று வந்த நோய்க்கோ பெயரிலேயே நாலு புள்ளி. கடைசிப் புள்ளி கோலிக்குண்டு அளவில் பொத்தென்று விழுந்தது.

"இதென்ன, புள்ளியா முட்டையா?" என்றார் முதலாளி.

பொய்ப் பட்டத்தோடு அந்த நாற்காலியில் உட்கார அவளால் முடியவில்லை. "சார், அது படிப்பில்ல. நோய்" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, க்ரீம் பையை நீட்டினாள்.

முதலாளி பையை வாங்கவில்லை. "அப்போ எதிர்க்கடைக்குப் போகமாட்ட?"

"மாட்டேன் சார்."

"அப்பாடா!" என்றவர், சொன்னது தப்போ என்று இருமினார். "நாற்காலி இங்கயே இருக்கட்டும். எழுத்து நீ எழுது. கை மக்கர் பண்ற அன்னைக்குப் புள்ளி நான் வைக்கறேன்."

சொன்ன கையோடு பையை வாங்கி, 'வாழ்த்துகள்' நடுவே ஒரு 'க்'கை நுழைத்தார். ஒற்று கத்தியை எடுத்துச் சுரண்டினாள்.

சாயங்காலம் சித்தி வந்தாள். முழுக்கதையும் கேட்டு முடிக்கும்வரை கேக் அவள் கைக்குப் போகவில்லை. கேட்டாள், அழுதாள், முந்தானையில் மூக்கைத் துடைத்தாள், பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"அதெல்லாம் சரிதான். ஏண்டி, வாழ்த்துக்கள்ல ஒரு எழுத்தைக் காணோமே?"