லாதென் வெட்டிய பன்றிக்குழி

புப்ஜிக்கா மலைப் பள்ளத்தாக்கில் உருளைக்கிழங்கு விளைவதே காட்டுப்பன்றிக்காகத்தான் என்பாள் லாதென். உழுவது அவள், விதைப்பது அவள், மண் அணைப்பது அவள். கிழங்கு திரளும் நேரம் பார்த்துப் பன்றி குடும்பத்தோடு வந்து விருந்துண்டு போகும். போன வருஷம் மேல்வயல் போயிற்று. இந்த வருஷம் கீழ்வயலும் போனால் குளிர்காலத்துக்கு அரிசி வாங்க வழியில்லை.

புருஷன் தோப்கே வீட்டோடு மாப்பிள்ளை. ஒரு காலத்தில் வில்லெடுத்தால் குறி தப்பாதவன். இனி எந்த உயிரையும் கொல்வதில்லை என்று லாமாவிடம் சத்தியம் செய்துகொடுத்ததிலிருந்து, ஜபச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு அடுப்படியே கதி என்று உட்கார்ந்துவிட்டான்.

"யோவ், அந்தச் சக்கரத்தை வயல்ல போய்ச் சுத்தேன். பன்னியாவது பயந்து ஓடும்."

"போன பிறவியில அது நமக்கு அம்மாவா இருந்திருக்கும், லாதென்."

"எங்கம்மா கிழங்கை வேகவச்சுத் தின்னா. செடியோட பிடுங்கிப் போடல."

அடுத்து நல்ல பிறவி அவருக்கு, வயல்காவல் எனக்கா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரத்திலேயே கீழ்வயலோரம் ஆள் ஆழத்துக்குத் தனியாகக் குழி வெட்டி, மேலே தழையைப் பரப்பினாள்.

ஒரு விடியலில் குழிக்குள் பெரிய பன்றி. மண்வெட்டியோடு ஓடினாள். ஓங்கினாள். அவள் வாயோ தன்பாட்டுக்கு 'ஓம் மணி பத்மே ஹூம்' என்று முணுமுணுத்தது. கறக்கும்போதும் களை எடுக்கும்போதும் ஓடிப் பழகிய வாய். பல்லைக் கடித்துப் பார்த்தாள், நின்றபாடில்லை. மந்திரம் சொல்லிக்கொண்டே மண்டையைப் பிளப்பதெப்படி? தன்மேலேயே எரிச்சல் பொங்கியது.

அதற்குள் ஊரே திரண்டுவிட்டது. பக்கத்து வீட்டுப் பெம்சாங் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, மாட்டின உயிரை விடுவிச்சா ஆயுசு கூடும். புண்ணியத்துல எங்களுக்கும் பங்கு குடுங்க!"

லாதென் பதில் சொல்லுமுன் ஆண்கள் குழியின் ஒரு பக்கத்தைச் சரிவாக வெட்டினார்கள். தோப்கே ஓடிவந்து பன்றியின் தலையில் அட்சதை தூவினான். பன்றி ஏறியது. காட்டுப்பக்கம் ஊர் நின்றதால், அது கீழ்வயலுக்குள் பாய்ந்தது. அதைக் காட்டுக்குத் திருப்பிவிட ஊரும் பின்னாலேயே பாய்ந்தது. பன்றி விட்டுவைத்த செடியைப் புண்ணியவான்கள் மிதித்தார்கள்.

தோப்கே மூச்சு வாங்க, கைகூப்பியபடி திரும்பி வந்தான்.

"லாதென், பெரிய பங்கு உனக்குத்தான்!"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அந்தப் பங்கை எந்தச் சட்டியில போட்டு வேகவைக்கறது? அதையும் சொல்லிட்டுப் போ."