அமாவாசையில் அடங்கும் தேள்கள்

பி.எஸ்சி. விலங்கியல் முடித்த கையோடு, தருமபுரியில் ஒரு கல்லூரியின் நரம்பியல் ஆய்வுக்கூடத்தில் பயிற்சி ஆளாகச் சேர்ந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. ஆய்வுக்கூடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் ஓட்டுக் கட்டடம், ஒரு மேசை, பெங்களூரிலிருந்து வாங்கிவந்த ஆம்ப்ளிஃபையர், காகிதச் சுருளில் பேனாவால் கோடு போடும் ஓர் இயந்திரம். தேள்களுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. காரிமங்கலத்தில் எங்கள் மானாவாரிக் காட்டில் எந்தக் கல்லைப் புரட்டினாலும் ஒன்று இருக்கும். இடுக்கியால் பிடித்து, சோறு கொண்டுபோகும் தூக்குப்போசியில் போட்டு மூடி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவேன். பக்கத்தில் உட்காருகிறவர்கள், "என்ன கண்ணு, சோறா?" என்று கேட்பார்கள். "கொழம்புங்க" என்பேன்.

வேலை இதுதான். தேளை அறுத்து, நரம்பு வடத்தை உப்புநீரில் கிடத்தி, இரண்டு வெள்ளிக் கம்பிகளை அதன்மேல் தொட வைக்க வேண்டும். நரம்பில் ஓடும் துடிப்பை இயந்திரம் கோடாக எழுதும். பகலெல்லாம் சாதுவாகப் போகும் கோடு, பொழுது சாய்ந்ததும் குதிக்கத் தொடங்கும். தேள் இரவில் இரை தேடும் பிராணி. உடலை விட்டுப் பிரித்த பிறகும் அதன் நரம்பு சாயங்காலத்தை மறக்கவில்லை என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். அமாவாசையன்று மட்டும் கோடு குதிப்பதில்லை. நிலாவுக்கும் நரம்புக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று நான்கு வருஷமாகச் சுருள் சுருளாகச் சேர்த்து வைத்திருந்தார். அதைப் பேசும்போது அவர் முகமே மாறிவிடும். எனக்கும் புல்லரிக்கும், பொய் சொல்வானேன்.

அந்தச் சுருள்களைப் பார்க்கப் பெங்களூரிலிருந்து பெரிய விஞ்ஞானி ஒருவர் வருவதாக ஏற்பாடு. பேராசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் நான் அந்த விஞ்ஞானியிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேரலாம். இல்லாவிட்டால் பாலக்கோட்டில் டீச்சர் வேலை. அப்பா அங்கே சொல்லியும் வைத்துவிட்டார். டீச்சர் வேலை ஒன்றும் மட்டமில்லை. ஆனால் நான் பெங்களூர் போயே தீருவது என்று இருந்தேன்.

விஞ்ஞானி வருவதற்கு இரண்டு நாள் முன்பு அமாவாசை. எங்கள் ஊர் மில் பழுதாகிக் கிடந்ததால், தருமபுரியிலேயே ராகி அரைத்து வரச்சொல்லி அம்மா பையைக் கொடுத்துவிட்டாள். ஆய்வுக்கூடத்துச் சுவரை ஒட்டி ஒரு மாவு மில் இருந்தது. சாயங்காலம் போனால் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே இயந்திரத்துக்குக் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள், கற்பூர வாசனை.

"அமாவாசைக்கு மிசினத் தொடமாட்டோம் கண்ணு. பூசை மட்டுந்தான். நாளைக்கு வா" என்றார் மில்காரர்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. "நாளைக்குக் காத்தாலயே அரைச்சுக் குடுப்பீங்களா?"

"காத்தால எவன் வர்றான்? காட்டுவேலை முடிச்சு சனம் சாயங்காலந்தான் வரும். அப்பத்தான் மோட்டாரே போடுவோம்."

பையைத் தூக்கிக்கொண்டு நாலடி நடந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். சாயங்காலம் ஓடுவது, அமாவாசையில் நிற்பது. தினமும் கேட்டுக்கேட்டு அந்த மில் சத்தம் எங்கள் காதில் விழாமலே போயிருந்தது.

மறுநாள் தேள் பிடிக்கவில்லை. விளக்குக்குப் போடும் பஞ்சுத்திரி ஒன்றை உப்புநீரில் நனைத்து, வெள்ளிக் கம்பிகளுக்கு நடுவில் கிடத்தினேன். பகல் முழுக்கக் கோடு சாதுவாக ஓடியது. பொழுது சாய்ந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் உறுமியது, பேனா குதிக்க ஆரம்பித்தது. பஞ்சுக்கு ஏது நரம்பு, கம்பிகள் பிடித்தது மோட்டாரின் மின்சாரத் துடிப்பை. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறந்தான் பேராசிரியரின் நான்கு வருஷச் சுருள்கள் ஞாபகத்துக்கு வந்தன. பேசாமல் திரியை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டால் பெங்களூர் நிச்சயம். ஆனால் அங்கே போய் இதே நிலாவையும் தேளையும் பற்றி நான் என்னவென்று பேசுவேன்? பேராசிரியரைக் கூப்பிட்டு மில் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "நாளைக்கு அவரு வர்றாரு. இன்னைக்குத்தான் உனக்குத் திரி போடத் தோணுச்சா?"

"நாளைக்கு அவரே போட்டுப் பாத்துட்டா என்னங்க சார் பண்றது?"

"நீ நாளைக்கு வரவேண்டாம்" என்றார்.

பஸ்ஸில் அழுதேன். அவர்மேல் கோபம், மில்மேல் கோபம், நிலாமேலும் கோபம். ஆனாலும் விடிந்ததும் கல்லைப் புரட்டித் தேள் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வெளியே போகச் சொன்னால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். பேராசிரியர் என்னைப் பார்த்தார். தேளை வாங்கி அவரே அறுத்து வைத்தார்.

விஞ்ஞானி மதியம் மொரப்பூரில் ரயிலிறங்கி வந்தார். சுருள்களை விரித்து விரித்துப் பார்த்தார். சாயங்காலம் பேனா குதித்ததும், "பிரமாதம்!" என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். பேராசிரியர் இடுக்கியால் நரம்பை மெல்ல எடுத்து ஓரமாக வைத்தார். அந்த இடத்தில் திரியைக் கிடத்தினார். பேனா நிற்கவில்லை.

"பக்கத்துல மாவு மில் இருக்குதுங்க. அமாவாசைக்கு லீவு. இத்தனை நாளா நான் படிச்சது அதைத்தான்" என்றார் பேராசிரியர்.

எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அவ்வளவு மரியாதை அதற்கு முன்பு எனக்கு எவர்மேலும் வந்ததில்லை.

"இதை யார் கண்டுபிடித்தது?" என்று விஞ்ஞானி கேட்டார்.

பேராசிரியர் என்னைக் காட்டினார். "இந்தப் பொண்ணுதான். என் நாலு வருச வேலைய ஒரே திரியில முடிச்சுட்டா. உங்ககிட்ட வந்தா உங்க வேலையையும் விடமாட்டா. தைரியம் இருந்தா கூட்டிக்கிட்டுப் போங்க."

விஞ்ஞானி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "எப்போது வரமுடியும்?" என்றார்.

"நாளைக்கே வர்றேங்க" என்று வாயை விட்டுவிட்டேன்.

பேராசிரியர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். "நாளைக்கு வேண்டாம்மா. மோட்டார் ஓடுறப்பவும் நரம்பு பேசறத மட்டும் எப்படிப் பிடிக்கிறதுன்னு நாம ரெண்டு பேரும் உக்காந்து பாக்கலாம். அப்பறம் போ."