தேசிங்கு ஏற்றிவந்த நாற்காலிகள்

சென்னைப் பாண்டி பஜாரில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருந்த குடும்பம் அது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்ட அப்பா, மூத்தவள் ஜெயபாரதியை எட்டாம் வகுப்போடு நிறுத்திக் கல்லாவில் உட்கார வைத்தார். இளையவள் சந்திரிகாவைப் படிக்க வைத்தார். அவளும் சும்மா படிக்கவில்லை. ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கி, தேனாம்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்தாள். அந்த வீட்டில் அதுவரை யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. கடைக்கு வரும் ஆட்கள் குக்கர் விலை கேட்டால்கூட, ஜெயபாரதி தங்கையின் படிப்பைச் சொல்லிவிட்டுத்தான் விலையைச் சொல்வாள்.

சனிக்கிழமை ஆனால் சந்திரிகா கடைப் பக்கமே வரமாட்டாள். மந்தைவெளியில் ஒரு மாடியில் நடந்த படிப்புத் துணை மன்றத்துக்குப் போய்விடுவாள். பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அனந்தராமன் தொடங்கிய மன்றம். கார்ப்பரேஷன் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு அக்கா அல்லது அண்ணா. பாடம் சொல்லித் தருவார்கள், கோளரங்கத்துக்கும் நூலகத்துக்கும் கூட்டிப் போவார்கள், பரீட்சை பயத்துக்குத் தைரியம் சொல்வார்கள். சந்திரிகாவிடம் இருந்தவள் கஸ்தூரி, பத்தாம் வகுப்பு. ஆங்கிலம் என்றால் வாயைத் திறக்காமல் இருந்த பெண், இரண்டு வருஷத்தில் கடற்கரையில் பார்த்த வெள்ளைக்காரரிடம் மணி கேட்கும் அளவுக்கு வந்திருந்தாள்.

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. பொங்கலுக்கு முன்னால் நடக்கும் ஆண்டு விழாவில், ஒரு பிள்ளை மேடையேறித் தன் வாழ்க்கையை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். நன்கொடை தருபவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். பேச்சை எழுதித் தருவது அந்தப் பிள்ளையின் அக்காவோ அண்ணாவோதான். தொண்ணூற்று ஏழில் கஸ்தூரியின் முறை வந்தது.

கடையின் மாடிக் கிடங்கில்தான் ஒத்திகை. அண்டாக்களுக்கும் குடங்களுக்கும் நடுவில் நின்று பேசினால் குரல் கணீரென்று திரும்பி வரும். கஸ்தூரி ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"அக்கா, அந்த வரி மட்டும் வோணாம்."

"எது?"

"எங்கப்பா குடிச்சிட்டு வந்து என் புஸ்தகத்தக் கிழிச்சது. இப்ப குடிக்கறதில்லக்கா. ஆடி மாசமே வுட்டுட்டாரு."

சந்திரிகா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பேச்சின் உயிரே அந்த வரிதான் என்று அவளுக்குத் தோன்றியது. அதை எடுத்தால் மிச்சமிருப்பது ஒரு நல்ல பெண்ணின் நன்றியுரை. அதற்கு யார் கண் கலங்கும்?

"நடந்ததுதானே கஸ்தூரி? உனக்குப் பின்னால வர்ற பிள்ளைங்களுக்கும் உதவி கிடைக்கணும்ல? உங்கப்பாவுக்கு எப்படியும் இங்கிலீஷ் புரியாது."

தண்ணீர்ச் சொம்போடு மேலே வந்த ஜெயபாரதி, "என்னளா, பிள்ளை முகம் வாடிக் கெடக்கு?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா. பயம்."

கஸ்தூரி மறுபடியும் முதலிலிருந்து பேசினாள். ஒரு வரியும் விடவில்லை.

கஸ்தூரியின் அப்பா தேசிங்கு மீன்பாடி என்னும் மூன்று சக்கரச் சுமை வண்டி ஓட்டுபவர். விழா நாற்காலிகளை லஸ் முனைக் கடையிலிருந்து தானே ஏற்றி வருவதாகச் சொல்லி, வண்டி வாடகை வேண்டாம் என்றுவிட்டார். நாற்காலிகளை வரிசையாகப் போட்டார். பிறகு குழாயடியில் முகம் கழுவி, வண்டி சீட்டுக்கு அடியில் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கதவோரம் நின்றார். மகள் பேசும்போது முன்வரிசையில் அம்மாக்கள் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து அவரும் துண்டால் துடைத்தார். கைதட்டல் முடிந்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

டிபன் முடிந்தது. அவர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அபிராமபுரத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் அவர் தோளில் கை வைத்தார். நல்ல மனிதர், வருஷா வருஷம் தருபவர்.

"நீங்கதான் அப்பாவா? ரத்தினம் மாதிரிப் பொண்ணு. இனிமேலாவது குடிக்கறதை விட்டுடுங்கோ. குழந்தை புஸ்தகத்தைக் கிழிக்கலாமா?"

தேசிங்கு மகளைப் பார்த்தார். கஸ்தூரி சந்திரிகாவைப் பார்த்தாள். சந்திரிகா கையிலிருந்த காபி டம்ளரைப் பார்த்தாள்.

"சரிங்க சார்" என்றார் தேசிங்கு. பிறகு ஒவ்வொரு நாற்காலியாக வண்டியில் ஏற்றினார். கஸ்தூரி வண்டியின் பின்னாலேயே நடந்து போனாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. பொங்கல் லீவு என்று சந்திரிகா சொல்லிக்கொண்டாள். அதற்கடுத்த வாரம் காய்ச்சலாக இருக்கும் என்றாள். மார்ச்சில் பொதுத் தேர்வு. கணக்கில் இன்னும் பாதி பாக்கி. ஆபீசில் தட்டச்சு செய்யும்போது அந்த வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது. உங்கப்பாவுக்கு இங்கிலீஷ் புரியாது. அதைத் தான் எவ்வளவு சுலபமாகச் சொன்னோம் என்பதுதான் அவளைக் குடைந்தது. கடையில் உட்கார்ந்திருக்கும் அக்காவைப் பற்றியும் ஒருநாள் யாரிடமாவது அப்படிச் சொல்லக்கூடியவள்தான் தான் என்று தோன்றியபோது, அன்று ராத்திரி சோற்றுத் தட்டை அப்படியே தள்ளி வைத்தாள்.

ஜெயபாரதி கேட்டுக் கேட்டு விஷயத்தைப் பிடுங்கிவிட்டாள்.

"போய்ப் பாத்துட்டு வா."

"போய் என்னக்கா சொல்ல?"

"என்னையக் கேட்டா? எழுதத் தெரிஞ்சவ நீதான."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்திரிகா கால்வாய்க் கரையில் இருந்த கஸ்தூரியின் வீட்டுக்குப் போனாள். தேசிங்கு வண்டிச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கஸ்தூரி குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"வா டீச்சரம்மா. இன்னா இவ்ளோ தூரம்?"

"கஸ்தூரி வரலை. அதான்."

"நான் போவச் சொல்லிக்கினுதான் கீறேன். கேக்க மாட்டேங்குது." அவர் கையைத் துண்டில் துடைத்தார். "ஒண்ணு பண்ணு. அன்னிக்கு அது இன்னா பேசுச்சு? முழுசா தமிழ்ல சொல்லு. இதக் கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது."

சந்திரிகா சொல்ல ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம், மன்றம், கோளரங்கத்தில் பார்த்த நட்சத்திரம். அந்த வரி வந்தது. தாண்டிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. குழாயடியில் தேய்க்கிற சத்தம் நின்றிருந்தது.

சொன்னாள். அதோடு நிறுத்தவில்லை.

"கஸ்தூரி வேணாம்னுதான் சொன்னா. நீங்க விட்டுட்டதையும் சொன்னா. நான்தான் கேக்கல. உங்களுக்கு இங்கிலீஷ் புரியாதுன்னு சொல்லிப் பேச வச்சேன்."

தேசிங்கு செயினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"பொய் இல்லம்மா. கிழிச்சவந்தான். வுட்டதையும் ஒரு வரி சேத்திருந்தீனா, அந்த சாருக்குத் தெரிஞ்சிருக்கும்." எண்ணெய்க் குப்பியை மூடிவிட்டு, "வுடறது இன்னா லேசா?" என்றார்.

சந்திரிகா குழாயடிப் பக்கம் திரும்பினாள்.

கஸ்தூரி ஈரக்கையோடு எழுந்து வந்தாள்.

"நானும்தானேக்கா பேசினேன். கைதட்டுவாங்கன்னு ஆசையா இருந்துச்சு." குனிந்தபடியே சொன்னாள். "சனிக்கிழமை வர்றேன். மன்றத்துல சகினா அக்கா கணக்கு நல்லா சொல்லித் தர்றாங்க. அவங்க கிட்ட ஒக்காந்துக்கறேன்."

"சரி" என்றாள் சந்திரிகா.

கஸ்தூரி வந்தாள். மாடியின் அந்தக் கோடியில் சகினாவின் மேசையில் உட்கார்ந்தாள். சந்திரிகாவைப் பார்த்தால் வணக்கம் வைப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். அதற்குமேல் இல்லை. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க்கோடு பாஸானாள். மிட்டாய் கொண்டுவந்து கொடுத்தபோது சந்திரிகா ஒன்றை எடுத்துக்கொண்டாள். சாப்பிடாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

இனி எந்தப் பேச்சையும் முதலில் பெற்றவர்களுக்குத் தமிழில் சொல்லிக் காட்ட வேண்டும் என்று அவள் அனந்தராமனிடம் கேட்டாள். "அழுகை குறையுமேம்மா" என்றார் அவர். "குறையட்டும் சார்" என்றாள். அவர் யோசித்து ஒப்புக்கொண்டார்.

அடுத்த ஆண்டு விழாவுக்கும் தேசிங்குதான் நாற்காலி ஏற்றி வந்தார். ஒரு பையன் மேடையேறி ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியதும், சந்திரிகா முன்வரிசையை விட்டு எழுந்து கதவோரம் போனாள். அவர் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வரியாகத் தமிழில் மெல்லச் சொன்னாள்.

"இவுங்கப்பன் இன்னா பண்றான்?" என்று கேட்டார்.

"அதை இவன் சொல்லலைங்க."

தேசிங்கு தலையாட்டினார். பிறகு அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்து அவளுக்குப் போட்டார். அவள் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு, பேச்சு முடியும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.