கலியன் ஒட்டிய டயல்

தேஹு ரோடு ராணுவ டிப்போவில் கலியனுக்கு உத்தியோகம் பெட்டிகளுக்கு ஆணி அடிப்பது. காலனியில் யாரும் அவரை அப்படிச் சொல்லி அறிமுகப்படுத்த மாட்டார்கள். 'வாட்ச் கலியன்' என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டாரானால் மேலதிகாரிகூடக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். அந்த மரியாதைக்காகத்தான் மனுஷர் மற்ற நாளெல்லாம் ஆணி அடித்தார் என்பது என் கணிப்பு.

தொண்ணூற்றேழு மே மாதம். ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் விஸ்வேஸ்வரன், தன் கல்யாணத்தில் மாமனார் போட்ட கைக்கடிகாரத்தோடு வந்தார். அது நின்று பல வருஷம்.

"கலியா, பொண்ணு கல்யாணத்தன்னிக்கு இதைத்தான் கட்டிக்கணும். ஓடுமா?"

"ஓட வெச்சிடறேன் சார்."

பழைய சாவி மிஷினுக்குச் சாமான் கிடைக்கவில்லை. புத்வார் பேட் கடைத்தெருவுக்குப் போய் ஒரு குவார்ட்ஸ் மிஷினும் புது டயலும் வாங்கினார். மிஷின், கடிகாரத்தின் கேஸைவிடச் சின்னது, உள்ளே லொடலொடத்தது. பிளாஸ்டிக் மூடி ஒன்றை வளையமாக நறுக்கிச் சுற்றிலும் கொடுத்து இறுக்கினார். அம்சமாக உட்கார்ந்தது. அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

டயல்தான் தகராறு. அதன் அடியில் இருந்த கால்களுக்கு மிஷினில் ஓட்டை இல்லை. கால்களை வெட்டிவிட்டார். இனி ஒட்டத்தான் வேண்டும். அதற்கென்றே கடையில் ஒட்டுவில்லை விற்கிறது. அதற்காக மறுபடி லோக்கல் ரயில் ஏறச் சோம்பல். எதிரே பீரோக் கண்ணாடி. அதில் மனைவி பவுன் கழற்றி ஒட்டிவைத்த மெரூன் ஸ்டிக்கர் பொட்டுகள். பசை வெளியே வருகிற மாதிரி மடித்தால் இரண்டு பக்கமும் ஒட்டும். ஒட்டினார். ஒட்டிக்கொண்டது. நெற்றியில் பாதிப் பசை போன பொட்டு என்பது அவர் புத்தியில் ஏறவில்லை.

கோர்படியில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். வேர்த்து ஊற்றுகிறது. விஸ்வேஸ்வரன் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "சாஸ்திரிகளே, நிதானமாப் பண்ணுங்கோ, நிறைய நேரம் இருக்கு" என்றார்.

மாப்பிள்ளையின் சித்தப்பா துள்ளினார். "என்ன சார், முகூர்த்தம் முடியப் போறது!"

"உங்க வாட்ச் ஃபாஸ்ட். இது நம்ம கலியன் கைவெச்சது. சொல்லு கலியா!"

கலியன் நாற்காலியை விட்டு எழுந்தார், நெஞ்சை நிமிர்த்தி. "குவார்ட்ஸ் சார். ஒரு செகண்டு தப்பாது."

சித்தப்பா விஸ்வேஸ்வரனின் கையைப் பிடித்துத் திருப்பினார். "அட ராமா! ஒண்ணு இருக்கற இடத்துல பன்னண்டு நிக்கறதே!"

முள் தப்பவில்லை. டயல்தான் நழுவித் திரும்பி, ஒரு மணி நேரம் குறைத்துக் காட்டியிருந்தது. அப்புறம் ஒரே ஓட்டம். நாதஸ்வரக்காரர் காபியை அப்படியே வைத்தார், பெண்ணைப் பாதி அலங்காரத்தில் இழுத்து வந்தார்கள், கெட்டிமேளம், தாலி. எப்படியோ முகூர்த்தத்துக்குள் முடிந்தது.

விஸ்வேஸ்வரன் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கடிகாரத்தைக் கழற்றி நீட்டினார். "திற."

கலியன் சின்னக் கத்தியால் திறந்து, சாவியை உருவி, மிஷினை உள்ளங்கையில் எடுத்தார். டயல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. அடியில் மெரூன் பொட்டு.

"யாரோட நெத்தி இது?" என்றார் சித்தப்பா. மண்டபமே சிரித்தது.

பவுன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் நெற்றியிலும் அதே மெரூன். கை தானாகப் போய் நெற்றியை மூடிக்கொண்டது. கலியன் தலை நிமிரவே இல்லை. சாப்பிடாமலே இருவரும் கிளம்பினார்கள்.

பவுன் இப்போது குங்குமம்தான் வைக்கிறார். பீரோக் கண்ணாடி துப்புரவாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் திறப்பதில்லை. வெளியூர் ஆள் யாராவது கதவைத் தட்டி, "வாட்ச் கலியன் வீடுதானே?" என்றால், உள்ளேயிருந்து கலியனின் குரல் வரும்:

"அவுரு இல்லீங்க."